இசை மேடை: பின்வரிசைப் பெரியவர்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். கடிதத்தில் சங்கீதத்தைவிடக் கவலைதான் அதிகம். மகன் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறானாம். சர்ச் பாடகர் குழுவில் பாஸ் கிட்டார் வாசிக்கிறானாம். இப்போது டபிள் பாஸ் கற்றே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம். "ஆள் உயரம் இருக்கும் என்கிறான். அது என்ன வாத்தியம்? அதை நம்பி ஒருவன் பிழைக்க முடியுமா?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. முதலில் ஆசாமியை அறிமுகம் செய்து வைக்கிறேன்.

பிடில் குடும்பத்தில் எல்லோரிலும் பெரியவர் டபிள் பாஸ். சுமார் ஆறடி உயரம். வாசிப்பவர் நின்றுகொண்டோ, உயரமான ஸ்டூலில் அமர்ந்தோ, அதை அணைத்துப் பிடித்து வில்லாலும் விரலாலும் நாதம் எழுப்புவார். தம்பி வயலின் நம் சீமைக்கு வந்து வெகு காலமாகிவிட்டது. அதைக் கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கிய முன்னோடிகளில் ஒருவரான பாலுஸ்வாமி தீக்ஷிதர், எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தவர். அந்நாளில் அது திருநெல்வேலிச் சீமை. இன்று தூத்துக்குடி மாவட்டம். சப்பணமிட்டு உட்காரும் கச்சேரி மேடையில் தம்பி சுலபமாக இடம் பிடித்துவிட்டான். அண்ணாவுக்கு உட்காரவே தெரியாது! பாவம், வெளியிலேயே நின்றுவிட்டார்.

அவர் செய்யும் வேலை என்ன? காருகுறிச்சி அருணாசலம் பிறந்த பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. நாகஸ்வர கோஷ்டியில் ஒத்து ஊதுகிறவரை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? 'ஒத்து ஊதுகிறான்' என்று கேலிகூடப் பேசுகிறோம். ஆனால் அந்த மூச்சு ஒரு விநாடி நின்றால் கச்சேரி அந்தரத்தில் தொங்கும். டபிள் பாஸின் வேலையும் ஏறக்குறைய அதுதான். ஒரு வித்தியாசம்: ஒத்தைப் போல ஒரே ஸ்வரத்தில் நிற்காது. பாட்டோடு கூடவே நடந்து, கீழே இருந்து தாங்கும். தாளத்துக்கும் பிடிமானம் கொடுக்கும்.

இனி, பையனுக்குச் சில வார்த்தைகள்.

தம்பி, உன் கிட்டாரின் நான்கு தந்திகளும் டபிள் பாஸின் நான்கு தந்திகளும் ஒன்றே: ஈ, ஏ, டி, ஜி. சுருதியும் ஒன்றே. ஆகவே பாதிக் கிணறு தாண்டிவிட்டாய். மீதிப் பாதிதான் ஆழம்! இதில் மெட்டுக் கம்பிகள் கிடையாது, காதுதான் வழிகாட்டி. கீழ் ஸ்தாயியில் ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டு விரல் வரை விரித்தாலும், 'ஸ'விலிருந்து சதுச்ருதி 'ரி' வரைதான் எட்டும். மோதிர விரல் தனித்து வேலை செய்யாமல் சுண்டு விரலுக்குத் துணை நிற்கும். இந்த முறையைப் பாடமாக வகுத்தவர் பிரான்ஸ் ஸிமாண்டல் (1840–1912). அவருடைய பாடப் புத்தகம் ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

லண்டன் டிரினிட்டி காலேஜும், ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற ஸ்தாபனமும் டபிள் பாஸுக்குப் படிப்படியாகப் பரீட்சைகள் நடத்துகின்றன. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் மேல்நாட்டுச் சங்கீதம் கற்பிக்கிறார்கள். ஆனால் உன் வாத்தியத்துக்கு ஆசிரியர் உண்டா என்று எழுதிக் கேட்ட பிறகு ரயில் ஏறு.

வாங்குவதானால் 'முக்கால்' அளவு போதும். பெரியவர்களே பெரும்பாலும் அதைத்தான் வாசிக்கிறார்கள். முழு மரத்தில் செய்ததைவிட ஒட்டுப்பலகையில் செய்தது நம் ஊர் வெயிலையும் ஐப்பசி மழையையும் தாங்கும். சுவரில் சாய்த்து வைக்காதே. பக்கவாட்டில் படுக்க வை. ஜன்னல் வெயில் படக்கூடாது. பஸ்ஸில் ஏற்றினால், "ஏய் தம்பி, இது ஆளா, லக்கேஜா? எதுன்னாலும் டிக்கெட் உண்டுல்லா!" என்று கண்டக்டர் கேட்பார். அதற்கும் தயாராயிரு.

இப்போது தாயாரின் கேள்விக்கு வருகிறேன். அம்மணி, பொய் சொல்ல மனமில்லை. இந்த வாத்தியம் ஒன்றை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது நம் நாட்டில் கஷ்டம். முன்பு சென்னை சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் தந்தி வாத்தியக்காரர்களுக்கு வேலை நிறைய இருந்தது. ஸிந்தஸைஸரும் கம்ப்யூட்டரும் வந்தபின் அது குறைந்துவிட்டது. மும்பையில் 2006-ல் தொடங்கிய இந்திய சிம்பொனி வாத்தியக் குழுவிலும் வெளிநாட்டு வித்வான்கள் பலர் வந்து வாசிக்கிறார்கள்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 1835-ல் இத்தாலியில் பொட்டெஸினி என்ற பதின்மூன்று வயதுப் பையன் மிலான் இசைக் கல்லூரியில் சேரப் போனான். வயலின் கற்றவன்; வீட்டில் பணவசதி இல்லை. இலவச இடங்கள் இரண்டுதான் பாக்கி. ஒன்று பஸ்ஸூன் என்ற குழலுக்கு. மற்றது டபிள் பாஸுக்கு. யாரும் விரும்பாத பெரிய பிடிலை எடுத்துக்கொண்டு, சில வாரங்களில் பழகி, இடத்தைப் பிடித்தான். பிற்காலத்தில் ஐரோப்பா அவனைக் கொண்டாடியது. 1871-ல் கெய்ரோவில் வெர்டியின் 'அயீடா' இசை நாடகம் முதன்முதல் அரங்கேறியபோது, வாத்தியக் குழுவை நடத்தியவர் அந்தப் பொட்டெஸினிதான்.

நம்மவர் கதையும் உண்டே! 2025 மார்ச் 8-ந் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் குழுவினர் இளையராஜாவின் சிம்பொனியை வாசித்தார்கள். பண்ணைப்புரத்திலிருந்து அந்த மேடைக்கு வழி இருக்கிறது என்றால், அம்பாசமுத்திரத்திலிருந்து இருக்காதா?

ஆகவே, பிள்ளை முதலில் பட்டத்தை வாங்கட்டும். அதுவரை கிட்டாரை விடாமல், மேல்நாட்டு ஸ்வர எழுத்தை நன்றாகப் படிக்கட்டும். லீவில் ஒரு முறை சென்னை சென்று, அந்த வாத்தியத்தைத் தொட்டு, ஒரு மணி நேரமாவது வாசித்துப் பார்க்கட்டும். அதன்பிறகும் ஆசை குறையவில்லை என்றால் தடுக்காதீர்கள். எல்லோரும் முன்வரிசைக்கு முண்டியடிக்கும் காலத்தில், ஒரு பிள்ளை பின்வரிசையில் நின்று மற்றவர்களைத் தாங்க ஆசைப்படுகிறான். அது தாயார் வருத்தப்பட வேண்டிய குணமா?

பஸ் டிக்கெட்டுக்கு மட்டும் கொஞ்சம் சில்லறை கூடுதலாகக் கொடுத்தனுப்புங்கள்!