அரசிக்குப் பொக்கிஷம் எங்கே?

நம்மவர் வீட்டில் ஒரு தாய் மரணமடைந்தால் பத்திரிகையில் வரும் அறிவிப்பு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டதாகவே இருக்கிறது. காலஞ்சென்ற இன்னாரின் மனைவியும் இன்னார் இன்னாரின் தாயாருமான என்று தொடங்கி, ஆண்மக்களின் பெயர்களையும் அவர்கள் வகிக்கும் பதவிகளையும் கடந்து, கடைசியில் ஓர் ஓரத்தில் அம்மாதின் பெயர் தலைகாட்டும். கருமாதியன்று பேச வரும் கனவான்களோ இன்னும் ஒருபடி மேலே போய் அவரைத் தெய்வம் என்பார்கள், குலவிளக்கு என்பார்கள், தேய்ந்து தேய்ந்து மணம் வீசிய சந்தனக்கட்டை என்பார்கள். தேய்த்தவர் யார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

இவற்றை வெறும் சம்பிரதாயம் என்று விட்டுவிடலாகாது. இப்புகழ்மொழிகள் ஒரு கணக்கை மூடி மறைக்கும் போர்வை என்பதே என் கட்சி. தெய்வத்துக்குக் கூலி கொடுப்பாரில்லை. விளக்குக்குப் பங்கு பிரிப்பாரில்லை. ஒருத்தியை மனுஷி என்று ஒப்புக்கொண்டால்தானே அவளுக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்ற கேள்வி பிறக்கும்?

நான் தோட்டத்துக் கிராணி. பெரட்டில் ஆள் எண்ணிச் செக்ரோலில் பதிவது என் தொழில். ஆதலால் என்னைப் பெற்றவரைப் பற்றியும் கணக்கு எழுதுபவன் கண்கொண்டே எழுதுகிறேன். அன்பில்லாதவன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

என் தாயார் 1958இல் வடபேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 15 வயதில் மரஞ்சீவ இறங்கினார்; 20 வயதில் மணமாகிச் சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு வந்தார். அந்த ஐந்தாண்டுகளும் விடியுமுன் எழுந்து, நிரை பிடித்து, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஒட்டுப்பாலையும் உரித்துக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுத்தார். அதற்குக் கூலி வந்தது. ஊழியர் சேமநிதியில் அவர் பெயரில் ஒரு கணக்கும் ஏற்பட்டது. தமது 55ஆம் வயதில் அச்சிறு தொகையை அவர் எடுத்தார். அதுவே அவருடைய வாழ்நாள் உழைப்புக்கு நாட்டில் இருந்த ஒரே எழுத்துச் சான்று. பட்டணத்துக்கு வந்த பிறகு 2023இல் கண்மூடும் வரை 45 ஆண்டுகள், அதாவது 16,000 நாட்களுக்கு மேல், அவர் செய்த வேலைக்கு எந்த ஏட்டிலும் ஒரு வரி கிடையாது.

வேலையென்றால் என்ன வேலை? விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுவார். வீட்டுக்கு ஒரு பானை. விற்பனைக்குத் தேங்காய்ப்பால் சோறு ஒரு பானை. சம்பலைக் கிண்டி, நெத்திலியைப் பொரித்து, வாழையிலையில் நாஸி லெமாக் பொட்டலங்கள் கட்டி, பஸ் நிலையத்துக்கு அருகிலிருந்த காப்பிக்கடைக்கு அனுப்புவார். லோரி ஓட்டிய தந்தையார் வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பார். வீட்டிலே பிள்ளைகள் நால்வர். அவர்களோடு, பக்கவாதத்தில் விழுந்த மாமியாரையும் ஏழாண்டுகள் குழந்தைபோல் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டினார். முதுகில் ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டார். இதே வேலையை ஆஸ்பத்திரியில் செய்பவருக்குச் சீருடை உண்டு, சம்பளம் உண்டு, வருஷ விடுமுறை உண்டு. என் தாயாருக்கு ஊரார் கொடுத்தது "நல்ல மருமகள்" என்ற பட்டம்.

அவர் கூட்டும் போட்டுவந்தார். பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் மாதந்தோறும் பணம் சேர்ப்பது. முறை வந்தவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வது. (கூட்டுப் பிடிப்பதை வியாபாரமாக நடத்தலாகாது என்று 1971இல் சர்க்கார் சட்டமியற்றியபோது, அச்சட்டத்தின் தலைப்பிலேயே நம்முடைய "கூட்டு" என்ற தமிழ்ச்சொல் ஏறிவிட்டது. நம் தாய்மாரின் சேமிப்புக்குச் சட்டப் புத்தகத்தில் இடம் கிடைத்த விதம் இது!) நாஸி லெமாக் காசும் கூட்டுக் காசும் சேர்ந்துதான் 1990களின் தொடக்கத்தில் 25,000 வெள்ளி மலிவுவிலை வீட்டுக்கு முன்பணமாயின. தவணைக் கடனுக்குச் சம்பளச் சீட்டு வேண்டுமென்றார்கள். சம்பளச் சீட்டு தந்தையாரிடம் இருந்தது. ஆகவே பட்டாவும் அவர் பெயரிலேயே அமைந்தது.

2016இல் தந்தையார் உயில் எழுதாமல் காலமானார். சிறு சொத்துக்களுக்கான 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி நில அலுவலகத்தில் விசாரணை நடந்தது. மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மக்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. இறந்தவரின் பெற்றோர் உயிரோடில்லாத குடும்பத்தில் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் சொல்வது அதுதான். என் தாயார் பிறந்த அதே ஆண்டுச் சட்டம்! 1997இல் திருத்தப்படும் வரை, மனைவி உயிலின்றி இறந்தால் அவள் சொத்து முழுவதும் கணவனுக்கு. பிள்ளைகளுள்ள கணவன் இறந்தாலோ மனைவிக்கு மூன்றில் ஒன்று. பிள்ளைகளுள்ள குடும்பத்தில் திருத்தம் கணவனின் பங்கைக் குறைத்ததேயன்றி மனைவியின் பங்கைக் கூட்டவில்லை.

ஆக, தாம் முன்பணம் கட்டிய வீட்டில் என் தாயார் மூன்றில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரரானார். அந்த வாரமே உறவினர் கூடி, "வீட்டை விற்றுவிட்டால் அம்மாவை யார் வைத்துக்கொள்வது?" என்று பேசத் தொடங்கினர். வைத்துக்கொள்வதாம்! பீரோவைக் குறித்துப் பேசும் வினைச்சொல் அது. முடிவில் வீடு விற்கப்படவில்லை என்பது மெய்தான். ஆனால் விற்காதீர்கள் என்று தாம் பெற்ற பிள்ளைகளை அவர் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நிற்க. சர்க்கார் படிவத்தில் அவருடைய தொழில் "சூரி ரூமா" என்று எழுதப்பட்டது. மலாய் மொழியிலும் சூரி என்றால் அரசி. தமிழிலும் நாம் இல்லத்தரசி என்கிறோம். இரண்டு மொழிகள் கூடி மகுடம் சூட்டியிருக்கின்றன. பொக்கிஷம் எங்கே? பட்டயம் எங்கே? தங்கியிருக்கும் அரண்மனையில் தங்க அனுமதி கேட்கும் அரசியை எந்தச் சரித்திரத்தில் கண்டோம்?

1937இல் பல மாவட்டங்களில் தோட்டத்து ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதை அநீதி என்று இன்று எல்லோரும் ஒப்புவோம். ஆனால் அது ஏட்டில் எழுதப்பட்ட அநீதி. எழுதப்பட்டதால் இன்னும் பத்துக் காசு எங்கே என்று கேட்க வழியிருந்தது. வீட்டு வேலைக்கோ அந்த 40 காசும் இல்லை, ஏடும் இல்லை. ஏடில்லாத இடத்தில் பாக்கி எவ்வளவென்று எப்படிக் கேட்பது?

அவ்வுழைப்பை அளக்கவே முடியாது என்பார்கள். முடியும். 1976இல் இயற்றப்பட்டு 1982 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருமண, மணமுறிவுச் சட்டத்தின் 76ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். வீட்டைப் பேணியும் குடும்பத்தைக் கவனித்தும் ஒருவர் செய்த பங்களிப்பைச் சொத்துப் பங்கீட்டில் நீதிமன்றம் கருதவேண்டும் என்று அது சொல்கிறது. அதாவது, கணவனைப் பிரிந்து மன்றம் ஏறினால் சமையலறை உழைப்பு எடைபோடப்படும். கடைசி மூச்சுவரை சேர்ந்து வாழ்ந்து, கணவனுக்குக் கொள்ளி வைப்பதையும் கண்டவளுக்கு, அதே உழைப்பின் பேரால் பங்கு கிடையாது. குடும்பம் குலைந்தால் பங்காளி, குடும்பம் நிலைத்தால் தெய்வமா? பதிவிரதா தர்மம் பேசுவோர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

பெரியப்பா முறையாகும் ஒருவர் என்னிடம், "தம்பி, நீ இங்கிலீஷ் படித்தவன், அதனால்தான் பெற்ற தாயின் பாசத்துக்கும் பில் போடுகிறாய்" என்றார். இங்கிலீஷ்காரன் வீட்டிலும் 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை மணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் புருஷன் கைக்கே போயிற்று என்பதை அவருக்குச் சொன்னேன். இந்த நோய்க்குத் தேசம் கிடையாது. பாசத்துக்கு விலையில்லை என்பது சரியே. என் தந்தையாரும் எங்கள்மேல் பாசம் வைத்துத்தான் லோரி ஓட்டினார். பாசத்தோடு ஓட்டினார் என்பதற்காக அவர் முதலாளி சம்பளத்தை நிறுத்திக்கொண்டாரா? "அவள் கேட்கவே இல்லையே" என்பது அடுத்த வாதம். கேட்கக்கூடாது என்று ஐந்து வயதிலிருந்து பழக்கிவிட்டு, கேட்காததையே சாட்சியாகக் காட்டுவது என்ன நியாயமோ!

காலம் சிறிது அசைந்திருக்கிறது. இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. வருஷத்துக்கு 120 வெள்ளி கட்டினால், வீட்டு வேலையில் நேரும் விபத்துக்குச் சொக்சோ உதவி உண்டு. பதிவு செய்ய 55 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. என் தாயாருக்கு அப்போது 64. அவருக்குப் பிந்திப்போயிற்று, உங்கள் மனைவிக்குப் பிந்தவில்லை. மாதத்துக்கு 10 வெள்ளி ஆகிறது. காப்பிக்கடையில் நாம் உட்கார்ந்து எழும் இரண்டு மாலைப் பொழுதுகளின் செலவு.

அதினும் முக்கியமானது வீடு. என் தாயாரின் பெயர் ஆதியிலேயே பட்டாவில் சரிபாதியாக இருந்திருந்தால், தந்தையார் இறந்தபோது தம் பாதியும் மறுபாதியில் மூன்றிலொன்றுமாக, மூன்றில் இரண்டு பங்கு அவருடையதாயிருக்கும். விற்க வேண்டாம் என்று கெஞ்ச வேண்டியவர்கள் மற்றவர்களாயிருப்பார்கள்.

இதைத் தோட்டத்தில் நான் சொல்லி வருகையில், பட்டாவில் இரண்டு பெயருக்கு இடமுண்டா என்று ஒருவர் கேட்டார். உண்டு. வீடு வாங்கும்போதே இருவர் பெயரிலும் பதியலாம். ஏற்கெனவே கணவர் பெயரில் இருந்தால், நில அலுவலகத்தில் 14ஏ படிவத்தின் மூலம் மனைவிக்குப் பாதியை மாற்றலாம். கணவன் மனைவிக்கிடையே அன்பளிப்பாக மாற்றும் சொத்துக்கு முத்திரை வரி விலக்கு இருக்கிறது. வங்கிக் கடன் தீராதிருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும். சில மலிவுவிலை வீடுகளுக்கு மாநில அரசின் அனுமதியும் வேண்டும். இரண்டொரு நாள் வேலை கெடும். போகும்போது மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கையெழுத்து இருவரும் போடவேண்டும்.