குரல் கொடுத்தால் உயிர் வந்துவிடுமா?

பாத்திரங்கள் வாய்திறந்து பேசாத வீடியோ விளையாட்டில் மனம் ஒன்றாது என்பது இன்று பலருக்கு வேதவாக்கு. திரையில் எழுத்தாக ஓடும் உரையாடல் காசில்லாதவர்களின் ஏற்பாடு என்றும், காசு சேர்ந்ததும் நடிகர்களை அழைத்துவந்து எல்லா வரிகளையும் பேசவைத்துவிட வேண்டும் என்றும் அவர்கள் வாதிடுகிறார்கள். எழுத்தை நம்பிப் பிழைத்தவன் வேறெந்தப் பக்கம் நிற்பான் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், ஆனால் நடந்ததையும் பாருங்கள்.

பெதெஸ்டா நிறுவனம் 2002 இல் வெளியிட்ட 'மொரோவிண்ட்' விளையாட்டில் உரையாடலின் பெரும்பகுதி எழுத்துத்தான். வழி கேட்டால் ஊரார் பாலத்தையும் பாறையையும் அடையாளம் சொல்லுவார்கள். வாசித்து மனதில் இருத்திக்கொண்டு நடக்க வேண்டும். வழிதவறியவனுக்கு அந்த நிலம் மறக்காது. அதன் அடுத்த பாகமான 'ஒப்லிவியன்' 2006 இல் வந்தபோது எல்லோரும் பேசினார்கள். பேரரசருக்குக் குரல் கொடுத்தவர் பற்றிக் ஸ்ருவேட். பேரரசரோ கதை தொடங்கிய சிறிது நேரத்திலேயே கொல்லப்படுகிறார். மிச்சமிருந்த பேரரசு முழுவதையும் ஒருசில நடிகர்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள். நடுங்கும் குரலில் பிச்சை கேட்ட கிழவர், ஊர்ப்புதினம் விசாரித்ததும் கனவானின் குரலில் பதில் சொல்லுவார். வழி சொல்லும் வேலையைத் திசைகாட்டியில் தோன்றும் குறி ஏற்றுக்கொண்டது. இதற்கா மனம் ஒன்றுவது என்று பெயர்?

2015 இல் அதே நிறுவனத்தின் 'ஃபோலவுற் 4' இன்னும் ஒருபடி மேலே போய், விளையாடுபவரின் பாத்திரத்துக்கே குரல் கொடுத்தது. விளைவு, எந்தப் பேச்சானாலும் நான்கே தெரிவுகள், அவையும் ஓரிரு சொற்களில். நாம் ஒன்றை நினைத்து அழுத்த, திரையிலுள்ளவர் வேறொன்றைச் சொல்லிவைப்பார். 2023 இல் வந்த 'ஸ்ரார்ஃபீல்ட்' விளையாட்டின் நாயகர் மறுபடியும் ஊமையாகிவிட்டார். வழக்கைத் தொடுத்தவர்களே வாபஸ் வாங்கியதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

காரணம் எளிது. ஒலிப்பதிவாகும் வரி ஒவ்வொன்றும் செலவு; நாயகர் ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கலாம் என்றால் அதுவே இரட்டிப்பு. ஆகவே கிளைகள் முதலில் வெட்டப்படுகின்றன. பதிவு முடிந்த பிறகு எழுதியவருக்கு ஒரு நல்ல சொல் தோன்றினாலும் பயனில்லை. பக்கம் அச்சுக்குப் போகும் கடைசி நிமிடம்வரை தலைப்பை மாற்றிக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தத் தண்டனையின் கனம் தெரியும்.

1999 இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: ரோர்மென்ற்' ஏறத்தாழ 8 இலட்சம் சொற்களைக் கொண்டது. நடிகர்கள் பேசுவது அதில் சொற்ப வரிகளை மட்டுமே. ஒருவரின் தொனி நம் காதில் விழுந்துவிட்டால் போதும், மீதியை நாம் அதே குரலில் வாசித்துக்கொள்வோம். எனக்கு இதுவே சரியான அளவாகப் படுகிறது.

எதிர்த்தரப்பு 'போல்டர்ஸ் கேற் 3' (2023) என்று சொல்லும். அதன் நடிகர்கள் அபாரமானவர்கள், மறுக்கவில்லை. அத்தனை பணமும் ஆண்டுகளும் எத்தனை பேருக்கு வாய்க்கும்? 'டிஸ்கோ எலிசியம்' 2021 இல் முழுக் குரல் பெற்றது என்பார்கள். அது 2019 இல், பெரும்பாலும் எழுத்தாக இருந்தபோதே, 'த கேம் அவோர்ட்ஸ்' விழாவில் 4 விருதுகளை வென்றுவிட்டது. பார்வைக் குறைவுள்ளவர்களுக்குக் குரல் அவசியம். அதை ஒரு வசதியாகச் சேர்ப்பதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. குரல் இல்லாததைக் குறையாகக் கருதுவதோடுதான் எனக்குச் சண்டை.

ரொறன்ரோவிலிருந்து 2023 இல் வந்த 'வெண்பா' நம்மவர்களுடைய கதை. 1980களில் கனடாவுக்குப் பெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்று எழுத்திலேயே பேசிக்கொள்கிறது. அம்மாவின் பழைய சமையல் குறிப்பேட்டில் வரிகள் கிழிந்தும் மங்கியும் கிடக்கின்றன. விடுபட்டதை நாமே ஊகித்துச் சமைக்க வேண்டும். அந்தக் குறிப்பை ஒரு நடிகை இனிமையாக வாசித்துக் காட்டியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

இனி, வரிக்கு வரி குரல் கேட்பவர்கள் ஒன்றைச் சிந்திக்கட்டும். தங்கள் குரலை இயந்திரம் நகலெடுப்பதற்கு எதிராக அமெரிக்காவின் விளையாட்டுக் குரல் நடிகர்கள் 2024 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது 2025 ஜூலைவரை நீடித்தது. இலட்சக்கணக்கான வரிகளையும் பேசியே தீரவேண்டும் என்று நாம் அடம்பிடித்தால், நிறுவனங்கள் அவற்றைப் பேசுவதற்கு நடிகரையா தேடிப் போகும்?