விண்கலமும் இல்லை, விஷமும் இல்லை

1910 மே மாதம் ஹாலி வால்நட்சத்திரத்தின் வால் பூமியைத் தடவிக்கொண்டு போகும் என்று வானியலர்கள் கணக்குச் சொன்னார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் கதவிடுக்கிலும் சாவித்துளையிலும் காகிதத்தைத் திணித்து அடைத்தார்கள். 'வால்நட்சத்திர மாத்திரை' என்று ஒன்று விற்பனைக்கு வந்தது. பயத்துக்குக் காரணம் ஒரு வாயு. அந்த ஆண்டு பிப்ரவரியில் யெர்க்ஸ் வானாய்வகம் ஹாலியின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அதில் சயனோஜென் இருப்பதாகச் சொல்லியிருந்தது. சயனைடுக்கு நெருங்கிய சொந்தம். அந்த வாயு காற்றில் கலந்தால் உயிர்கள் மடியக்கூடும் என்று பிரெஞ்சு வானியலர் கமில் ஃபிளமரியோன் கருதுவதாகப் பத்திரிகைகள் எழுதின. வால் என்பது ஏறக்குறைய வெற்றிடம்தான், ஒன்றும் ஆகாது என்று மற்ற வானியலர்கள் சொன்னது எடுபடவில்லை. மே 19 விடிந்தது. ஒருவருக்குத் தும்மல்கூட வரவில்லை.

நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே நாடகம் வேறு வேஷத்தில் அரங்கேறியது. 2025 ஜூலை 1 அன்று சிலி நாட்டிலிருக்கும் அட்லஸ் தொலைநோக்கி ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தது. சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தது என்று உறுதியான மூன்றாவது பொருள் அது. அதனால் 3ஐ/அட்லஸ் என்று பெயர். ஹார்வர்டு பேராசிரியர் ஆவி லோப், இது வேற்றுலகத்தார் செய்த பொருளாக இருக்கலாமே என்று ஒரு கேள்வியைப் போட்டார். அவ்வளவுதான். யூடியூப் அலைவரிசைகள் அதைக் கப்பலாக்கி, கப்பலைப் படையெடுப்பாக்கின. பூமிக்கு மிக அருகில் வந்த நாளிலும் அது சுமார் 27 கோடி கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருந்தது. நவம்பரில் நாசா செய்தியாளர்களைக் கூட்டி, இது வால்நட்சத்திரம்தான் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இந்தக் கூச்சலில் அமுங்கிப்போனதுதான் உண்மையான செய்தி. ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதை நோக்கியபோது, அதிலிருந்து வெளியேறும் கரியமில வாயு நீராவியைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு இருந்தது. நம் சூரியனைச் சுற்றும் வால்நட்சத்திரங்களில் வழக்கமாகத் தண்ணீருக்குத்தான் முதலிடம். அப்படியானால் வேறொரு சூரியனின் பிறப்பிடத்தில், வேறொரு குளிரில் உறைந்த பனி நம் வாசல்வழியே போயிருக்கிறது. கற்பனைக் கப்பலைவிட இது பெரிய அதிசயம் இல்லையா? இதை யாரும் முதல் பக்கத்தில் போடவில்லை.

அந்தப் பனியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் நெதர்லாந்தின் எவீனா வான் டிஷூக். 1955இல் லைடன் நகரில் பிறந்தவர். அங்கேயே படித்தார்; படித்தது வேதியியல். மூலக்கூறுகளின் குவாண்டம் கணக்குகளில் மேற்படிப்பைத் தொடர நினைத்தபோது, அதற்கு வழிகாட்ட வேண்டிய பேராசிரியர் பல்கலைக்கழகத்தில் இல்லாமல் போனார். அப்போது வானியல் படித்துக்கொண்டிருந்த நண்பர் டிம் டி ஜெயுவ், விண்மீன்களுக்கு இடையிலும் மூலக்கூறுகள் உண்டு என்று சொன்னார். அந்தப் பேச்சு அவரை ஹார்வர்டில் இருந்த அலெக்ஸாண்டர் டால்கார்னோவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. நண்பர் பின்னாளில் கணவரானார். மூலக்கூறுகளோ நாற்பது ஆண்டுகளாகக் கூடவே இருக்கின்றன.

விண்வெளி என்றால் வெறுமை என்பதுதான் வெகுகாலம் வரை பொதுப்புத்தி. விண்மீன்கள் விடும் கடும் புறஊதா ஒளியில் மூலக்கூறுகள் சிதறிப்போகும், தனித்தனி அணுக்களும் ஓரிரு ஈரணுத் துண்டுகளும்தான் மிஞ்சும் என்று அறிஞர்களே நம்பினார்கள். 1960களின் கடைசியில் வானொலித் தொலைநோக்கிகள் அம்மோனியாவையும் தண்ணீரையும் ஃபார்மால்டிஹைடையும் அடுத்தடுத்துக் கண்டபோது அந்த நம்பிக்கை உடைந்தது. இன்று விண்மீன்களுக்கு இடையில் அடையாளம் காணப்பட்ட மூலக்கூறுகள் முந்நூறுக்கும் மேல்.

அவை எப்படித் தப்பின? 1988இல் வான் டிஷூக்கும் ஜான் பிளாக்கும் கார்பன் மோனாக்சைடை வைத்து அதற்கு விரிவான கணக்குக் கொடுத்தார்கள். இந்த மூலக்கூறு புறஊதா ஒளியில் குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டுமே சிதையும். மேகத்தின் ஓரத்தில் இருப்பவை அந்த அலைநீளங்களை விழுங்கிச் சிதைந்துவிட, உள்ளே இருப்பவற்றுக்கு ஒளி எட்டுவதில்லை. வரிசையில் முன்னால் நிற்பவர்கள் வெயிலை வாங்கிக்கொள்ள, பின்னால் நிற்பவர்கள் நிழலில் தப்புவதுபோல. அந்தக் கட்டுரையை வானியலர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

அந்த நிழலுக்குள்தான் விண்மீன் பிறக்கிறது. வெப்பம் மைனஸ் 263 டிகிரி. மைக்ரானில் பத்தில் ஒரு பங்கே இருக்கும் தூசித் துகள்களின்மேல் வாயுக்கள் பனியாகப் படிகின்றன. படிந்த கார்பன் மோனாக்சைடின்மேல் ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்ட, அது ஃபார்மால்டிஹைடாகி, பிறகு மெத்தனாலாகிறது. ஜப்பானிலும் லைடனிலும் இதை ஆய்வகத்துக்குள்ளேயே செய்து காட்டிவிட்டார்கள். தூசியும் பனியும் நிறைந்த அந்த மேகம் தன் எடையாலேயே சரிந்து சுருங்கும்போது நடுவில் விண்மீன் பற்றிக்கொள்கிறது. சுற்றிலும் தட்டாகச் சுழலும் மிச்சத்தில் கோள்கள் திரள்கின்றன. கோளில் சேராமல் ஓரம்கட்டப்பட்ட பனிக்கட்டிதான் வால்நட்சத்திரம். நட்சத்திரம் என்பது பேருக்குத்தான். உண்மையில் அது கட்டட வேலை முடிந்தபின் மூலையில் கிடக்கும் மணலும் ஜல்லியும். வீடு எதைக் கொண்டு கட்டப்பட்டது என்று அறிய அந்தக் குவியலைத்தான் கிளற வேண்டும்.

விண்மீன் பிறக்கும் மேகம், வால்நட்சத்திரம் என்ற இந்த இரண்டு முனைகளையும் ஓர் இந்திய வானியலரின் கதை முன்பே முடிச்சுப்போட்டு வைத்திருக்கிறது. சென்னையில் பிறந்த வைணு பாப்பு 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது ஒளிப்படத் தகட்டில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டார். அதற்கு பாப்பு–போக்–நியூகர்க் என்று பெயர். நடுவில் நிற்கும் பார்ட் போக், லைடனில் படித்த டச்சுக்காரர். வானத்தில் கரும்புள்ளிகளாகத் தெரியும் சிறு மேகங்கள் விண்மீன் பிறக்கும் கூடுகளாக இருக்கலாம் என்று 1947இல் ஈடித் ரெய்லியுடன் சேர்ந்து எழுதியவர் அவர்தான். அது சரிதான் என்று 1990இல் அகச்சிவப்பு நோக்கீடுகள் காட்டின. பாப்பு ஊர் திரும்பி, ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கினார். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

குவியலைக் கிளறும் வேலையை நேரில் போய்ச் செய்தது ஐரோப்பாவின் ரோசட்டா விண்கலம். 2004இல் கிளம்பி, பத்தாண்டுப் பயணத்துக்குப் பின் 2014 ஆகஸ்டில் 67பி என்ற வால்நட்சத்திரத்தை அடைந்தது. அதன் வாயுக்களை முகர்ந்து பார்த்த கருவிக்குப் பொறுப்பாளர் சுவிட்சர்லாந்தின் கேத்ரின் ஆல்ட்வெக். முகர்தல் என்பது இங்கே வெறும் உவமை இல்லை: ஹைட்ரஜன் சல்ஃபைடு, அம்மோனியா, ஃபார்மால்டிஹைடு எல்லாம் கலந்த அந்த வாடை, அழுகிய முட்டையும் குதிரை லாயமும் சேர்ந்ததுபோல் இருக்கும் என்றார்கள். 2015இல் அதில் ஆக்சிஜன் மூலக்கூறு இருப்பதாகத் தெரிந்தது. எதிர்பாராத அந்த முடிவை ஆய்வுக் குழுவே முதலில் நம்பத் தயங்கியது. 2016இல் கிளைசின் என்ற அமினோ அமிலமும் பாஸ்பரசும் உறுதியாயின.

இன்னொரு முனையில் சிலியின் அட்டகாமா பாலைவனம். 5,000 மீட்டர் உயரத்தில் 66 அலைவாங்கிகளோடு நிற்கிறது அல்மா தொலைநோக்கி. நம் கேட்டை நட்சத்திரம் இருக்கும் திசையில், சுமார் 460 ஒளியாண்டு தூரத்து மேகம் ஒன்றில், ஐராஸ் 16293 என்ற குழந்தை விண்மீன்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள வாயுவில் சர்க்கரைக் குடும்பத்தின் கடைக்குட்டியான கிளைகோலால்டிஹைடை 2012இல் அல்மா கண்டது; அந்த ஆய்வில் வான் டிஷூக்கும் உண்டு. பிறகு 2019இல் மரியா டிரோஸ்டோவ்ஸ்காயாவும் கூட்டாளிகளும் இங்குள்ள மூலக்கூறுகளின் விகிதங்களை 67பியின் விகிதங்களோடு பொருத்திப் பார்த்தார்கள். அச்சு அசலாக இல்லை. ஆனாலும் குடும்பச் சாயல் தெளிவாகத் தெரிந்தது. ஒன்று இப்போது பிறந்துகொண்டிருக்கும் விண்மீனின் புகை, மற்றொன்று 460 கோடி ஆண்டுப் பழைய பனி. நம் வால்நட்சத்திரங்களின் சரக்கில் ஒரு பங்காவது சூரியன் பற்றிக்கொள்வதற்கு முன்பே தயாராகியிருந்தது என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி கிடைப்பது கடினம். 2024இல் வெப் தொலைநோக்கி இளம் விண்மீன்களைச் சுற்றிய பனியிலேயே எத்தனாலைக் கண்டது. கூடவே காடிக்குப் புளிப்புத் தரும் அசெட்டிக் அமிலத்தின் தடயமும் தெரிந்தது.

கடல்நீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு மட்டும் பதில் இன்னும் நழுவிக்கொண்டே இருக்கிறது. 67பியின் தண்ணீரில் கன ஹைட்ரஜன் நம் கடலைப்போல் மூன்று மடங்கு என்று 2014இல் ரோசட்டா சொன்னது. உடனே 'பூமியின் தண்ணீர் வால்நட்சத்திரத்திலிருந்து வரவில்லை' என்று தலைப்புகள் வந்தன. ஆனால் ஹார்ட்லி–2 என்ற வால்நட்சத்திரத்தின் தண்ணீர் கடல்நீரை ஒத்திருந்ததை ஹெர்ஷல் தொலைநோக்கி 2011இலேயே கண்டிருந்தது. 67பியைச் சுற்றிய தூசிதான் அளவை ஏற்றிக் காட்டியிருக்க வேண்டும் என்று 2024இல் வேறொரு குழு கணக்கைத் திருப்பிப்போட்டது. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் கதையைச் சொல்லப் பத்திரிகைகளுக்குப் பொறுமை வேண்டும். பொறுமை இல்லாதபோது கப்பல் வந்துவிடுகிறது.

1910இல் ஊரை நடுங்கவைத்த அந்தச் சயனோஜெனையே எடுத்துக்கொள்ளலாம். வால்நட்சத்திர ஒளியில் உண்மையில் தெரிவது ஒரு கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த சிஎன் என்ற துண்டு. 1940இல் கனடாவின் ஆண்ட்ரூ மெக்கெல்லர் அதே துண்டை விண்மீன்களுக்கு இடையில் அடையாளம் கண்டார். அடுத்த ஆண்டு அதன் சுழற்சியை வைத்து அங்குள்ள வெப்பநிலையைக் கணக்கிட்டார்: தனிச்சுழிக்கு மேல் 2.3 டிகிரி. அது ஏன் சுழி இல்லை என்று யாரும் துருவவில்லை. 1965இல் பென்சியாஸும் வில்சனும் பிரபஞ்சம் முழுக்கப் பரவிக் கிடக்கும் பெருவெடிப்பின் மிச்ச வெப்பத்தைக் கண்டுபிடித்து, பின்னால் நோபல் பரிசும் வாங்கினார்கள். மெக்கெல்லரின் வெப்பமானி காட்டியது அதைத்தான். அவர் 1960இலேயே இறந்துவிட்டார்.

2018இல் வான் டிஷூக்குக்கு காவ்லி பரிசு கிடைத்தது. அதே ஆண்டு பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவருமானார். வேதியியல் பட்டதாரி ஒருவர் வானியலின் தலைமைக்கு வர முடிந்தது லைடனில். இங்கே? நாட்டின் வானியல் ஆய்வு நிறுவனங்கள் பலவற்றுக்கு வாசலாக இருக்கும் ஜெஸ்ட் தேர்வில் இயற்பியலுக்குத் தாள் உண்டு, கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்கு உண்டு, வேதியியலுக்குக் கிடையாது. திறமைக்கும் குறைவில்லை, கருவிக்கும் குறைவில்லை. சென்னை ஐஐடியில் பிரதீப், ரஜ்னிஷ் குமார் குழுவினர் விண்வெளியைப் போன்ற வெற்றிடத்தையும் குளிரையும் உண்டாக்கி, மீத்தேனைப் பனிக்கூண்டுக்குள் பிடித்துக் காட்டியதாக 2019இல் எழுதினார்கள். அதை மறுத்து வெளிநாட்டவர் கடிதம் எழுத, இவர்கள் பதில் எழுதினார்கள். சென்னையின் வேதியியல் ஆய்வகத்திலேயே விண்மீன் மேகத்தைச் செய்ய முடியும்போது, ஒரு வேதியியல் மாணவிக்கு அந்த வாசலை ஏன் மூடி வைக்க வேண்டும் என்பதற்கு நல்ல காரணம் எதுவும் தெரியவில்லை.

2025 நவம்பரில் மவுண்ட் அபுவின் 1.2 மீட்டர் தொலைநோக்கியால் நம் ஆய்வாளர்களும் 3ஐ/அட்லஸைப் பார்த்தார்கள். அதன் ஒளியில் தெரிந்தவற்றில் சிஎன்னும் ஒன்று. இந்த முறை யாரும் சாவித்துளையை அடைக்கவில்லை. அந்தச் செய்தியை அவ்வளவாக யாரும் படிக்கவும் இல்லை. இப்படி ஓடிப்போகும் விருந்தாளிகளையும், சூரியனை முதன்முறை நெருங்கும் பனிக்கட்டிகளையும் வழிமறித்துப் பார்க்க ஐரோப்பிய விண்வெளி முகமை ஒரு விண்கலத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது. 2029 வாக்கில் ஏவி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் காத்திருக்க வைப்பது திட்டம். அது எந்த வால்நட்சத்திரத்தைச் சந்திக்கும் என்று கேட்டால், திட்டத்தில் இருப்பவர்களிடமே பெயர் இல்லை. அந்த வால்நட்சத்திரத்தை இனிமேல்தான் யாராவது கண்டுபிடிக்க வேண்டும்.