தோற்றவனுக்கும் கல்லறை உண்டு

யாழ்ப்பாணம் கோப்பாயில் ஒரு துயிலும் இல்லம் இருந்தது. விடுதலைப் புலிகள் தம் போராளிகளை எரிக்காமல் புதைக்கத் தொடங்கிய 1991 முதல் அங்கே வரிசை வரிசையாகக் கல்லறைகள் எழுந்தன. உடல் கிடைக்காதவர்களுக்கு வெறும் நினைவுக்கல் நட்டார்கள். 1995-96இல் குடாநாட்டைப் பிடித்த இராணுவம் அதை இடித்தது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் மீண்டும் கட்டினார்கள். போர் முடிந்து, எதிர்த்துச் சுட ஒரு துப்பாக்கிகூட மிஞ்சாத 2010இல் புல்டோசர் மறுபடி வந்தது. 2011 மார்ச்சில் அதே மண்ணில் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது.

பிள்ளையின் எலும்பு கிடக்கும் மண்ணின் மேல் அந்தப் பிள்ளையைக் கொன்ற படை அலுவலகம் நடத்துகிறது. தாய் வேலிக்கு வெளியே நின்று விளக்கேற்றிவிட்டுப் போகிறாள். இதை நாம் அநீதி என்கிறோம். எந்தப் போர்த் தேவையும் இதற்குக் காரணமாக இருந்ததில்லை. வட இலங்கையில் முகாம் கட்ட வேறு நிலமா இல்லை?

கிளிநொச்சிக்குப் போனவர்கள் ஏ9 வீதியோரம் நிற்கும் நினைவுச்சின்னத்தைப் பார்த்திருப்பார்கள். பெரிய சாம்பல்நிறக் கட்டை, அதைத் துளைத்துப் பிளக்கும் ஒரு தோட்டா, உச்சியில் தாமரை. 2009 ஜனவரி 2ஆம் தேதி ஊரைப் பிடித்ததற்கான வெற்றிச் சின்னம் அது. அந்த வெற்றிக்காகச் செத்த சிப்பாய்களில் பெரும்பாலோர் தென்னிலங்கைக் கிராமத்து ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்காக அழ அந்தக் கட்டையில் ஓர் இடம்கூட இல்லை. பெருமிதம் மட்டுமே இருக்கிறது. அதே ஊரின் கனகபுரத்தில் துயிலும் இல்லம் தரைமட்டமாகக் கிடந்தது. 2016 நவம்பரில் பெற்றோர்கள் புதர் வெட்டி, உடைந்த கற்களைக் குவித்து வைத்துத்தான் விளக்கேற்றினார்கள்.

சிங்கள மக்கள் போற்றும் மகாவம்சத்தையே எடுத்துக்கொள்வோம். அநுராதபுரத்தை 44 ஆண்டுகள் ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனைத் துட்டகைமுனு போரில் கொன்றான். கொன்றவனே எதிரியின் உடலுக்குத் தகனம் செய்தான்; அந்த இடத்தில் நினைவுச்சின்னம் எழுப்பினான்; அதைக் கடந்து போகிறவர்கள் வாத்திய முழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று ஆணையிட்டான். பின்வந்த அரசர்களும் பல நூற்றாண்டுகள் அந்த மரியாதையைக் காத்ததாக அந்நூல் சொல்கிறது. 2009இன் வெற்றியாளர்களைத் துட்டகைமுனுவோடு ஒப்பிட்டுச் சுவரொட்டி ஒட்டியவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள்?

பயங்கரவாதிகளுக்கு நினைவிடமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். புலிகள் செய்த கொடுமைகளை மூடி மறைக்க இந்தத் தலையங்கம் எழுதப்படவில்லை. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைக் கொன்றதும், அதே ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாகத் துரத்தியதும், சிறுவர்களைப் பிடித்துக்கொண்டு போய்ச் சண்டையில் நிறுத்தியதும் குற்றங்கள். இன்னும் பல உண்டு. தமிழர்களாகிய நாம் இவற்றைச் சத்தமாகச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஆனால், கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்ட மகளும் அந்தத் துயிலும் இல்லங்களில்தானே கிடந்தாள்? அவளைப் பெற்றவர்கள் புலிகளிடம் ஒருமுறை இழந்தார்கள், அரசிடம் இன்னொரு முறை இழந்தார்கள். இறந்தவரின் அரசியலைத் தீர்ப்பிடும் உரிமை எல்லோருக்கும் உண்டு. இறந்தவரைப் பெற்றவள் அழுவதைத் தடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

இதே இலங்கையில் இன்னொரு கிளர்ச்சி நடந்தது. 1971இலும் 1987-89இலும் ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சி அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்தியது, கொன்றது, கொல்லப்பட்டது. அதன் தலைவர் ரோகண விஜேவீர 1989 நவம்பர் 13இல் கொல்லப்பட்டார். ஒவ்வொரு நவம்பரிலும் அவர் படத்துக்கு முன் கொழும்பில் வெளிப்படையாக அஞ்சலி செலுத்துகிறார்கள். அதில் தவறே இல்லை. அவர்களும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள். ஆனால் இரண்டு வாரம் கழித்து, புலிகளின் மாவீரர் நாளான நவம்பர் 27 மாலை 6.05க்கு வன்னியில் விளக்கேற்றியவர்களை ஆண்டுதோறும் நீதிமன்றத் தடையுத்தரவும் உளவுப் பிரிவின் கேமராவும் துரத்தின. 2021 ஜனவரியில் இறுதிப் போரில் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களுக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நின்ற நினைவுத்தூபியை இரவோடிரவாக இடித்தார்கள். மாணவர் கொந்தளிப்புக்குப் பிறகுதான் திரும்பக் கட்ட இணங்கினார்கள். 2024 மே மாதம் சம்பூரில், அந்த மாண்டவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிய பெண்களைக் கைது செய்தார்கள். கஞ்சி காய்ச்சியதற்கு!

இன்று ஜனாதிபதி அநுர குமார திஸாநாயக்க அந்த ஜே.வி.பி.யின் தலைவர். செத்த தோழர்களுக்கு ஆண்டுக்கணக்காக விளக்கேற்றி வந்தவர். அவர் பதவிக்கு வந்தபின் 2024 நவம்பரில் கெடுபிடி தளர்ந்தது உண்மை. அதை வரவேற்கிறோம். ஆயினும் அனுமதி வேறு, உரிமை வேறு. இன்று தளர்த்திய கை நாளை இறுக்கும்.

மலேசியாவில், பினாங்கின் ஜுருவில் இருக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நம் பாட்டன்மார் எத்தனை ஆயிரம் பேர் இரண்டாம் உலகப் போரில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பவில்லை? தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கு 6,900க்கும் மேற்பட்ட கல்லறைகள் ஒழுங்காக நிற்கின்றன. நம்மவர்கள் காட்டிலும் குழியிலும் பேரில்லாமல் போனார்கள். அவர்களை வதைத்த ஜப்பானிய இராணுவமே 1944இல் அங்கே ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. ஆனால் நம்மவர்களுக்கென்று ஒரு நடுகல் காஞ்சனபுரியில் எழுந்தது 2023இல்தான். எண்பது ஆண்டு கழித்து, அழ வேண்டிய பிள்ளைகளில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த பிறகு. கல் இல்லாத சாவு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று பினாங்குத் தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே கேட்கிறோம். துயிலும் இல்ல நிலங்களில் எங்கெல்லாம் படை குடியிருக்கிறதோ அங்கிருந்தெல்லாம் அது வெளியேற வேண்டும். நிலம் பெற்றோரின் பொறுப்பில் வர வேண்டும். நவம்பர் 27இலும் மே 18இலும் நினைவுகூர்வதைக் காவல்துறை தடுக்க முடியாதபடி சட்டம் வேண்டும். கிளிநொச்சியில் நிற்கும் அந்தக் கட்டையின் இடத்தில், செத்த சிப்பாய்க்கும், போராளிக்கும், இருவருக்கும் நடுவில் அகப்பட்டு மாண்ட ஊராருக்கும் பொதுவாக ஒரு கல் நடப்படட்டும். அதைத் திறந்துவைக்க அமைச்சர்கள் வேண்டாம், தாய்மார்கள் போதும்.

மலேசிய நாடாளுமன்றத்தில் அமர்ந்திருக்கும் தமிழ் உறுப்பினர்களுக்கும் ஒரு சொல். கொழும்பிலிருந்து வரும் தூதுக்குழுவோடு வர்த்தகம் பேசும்போது கோப்பாயையும் பேசுங்கள்.