ஊருக்குப் போகிறவர்கள் நாயை மறக்கலாமா?

ஏப்ரல் பாதி கழிந்துவிட்டால் மும்பைத் தமிழர் வீடுகளில் பேச்செல்லாம் ஊர்ப் பயணத்தைப் பற்றித்தான். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் அட்டைப் பெட்டிகளுக்குக் கயிறு கட்டும் வேலை தொடங்கிவிடும். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. நாகர்கோவில் எக்ஸ்பிரசில் இடமும் கிடைத்துவிட்டது. அத்தைக்குச் சேலை, மச்சானுக்குச் சட்டை, பாட்டிக்கு மூக்குக் கண்ணாடி எல்லாம் மூட்டையில் ஏறிவிட்டன. பால்காரரிடம் சொல்லியாகிவிட்டது. கேஸ் அடுப்பை மூடியாகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியையும் கொடுத்தாகிவிட்டது.

ஒன்றே ஒன்றுதான் யார் நினைவிலும் இல்லை. வாசலில் நின்று மூட்டைகளையும் மனிதர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் நாய்.

டாக்சி கிளம்பும்போது அது பின்னாலேயே ஓடிவருகிறது. சிக்னல் வரைக்கும் வந்து, வண்டி கூட்டத்தில் மறைந்ததும் நின்றுவிடுகிறது. பிறகு மெல்லத் திரும்பி வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் படுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு மே மாதமும் நம்மவர் வாழும் சந்துகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

பதினொரு மாத உறவு

இந்த நாய்களை யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை. மழைக்காலத்தில் ஏதோ ஒரு சிறுவன் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்த குட்டியாக இருக்கும். அம்மா முதலில் திட்டுவாள். இரண்டாம் நாள் பால் ஊற்றுவாள். மூன்றாம் நாள் அதற்கு மணி என்றோ ராஜா என்றோ பெயர் விழுந்துவிடும். அதற்குப் பின் அது அந்த வீட்டு நாய்.

அது வாங்கிய சம்பளமென்ன? மிஞ்சிய சோறும் மீன் குழம்பின் வண்டலும்தான். செய்த வேலை அதைவிடப் பெரிது. இரவு ஷிப்டு முடிந்து கடைசி லோக்கலில் வந்து இறங்கும் குடும்பத் தலைவரைச் சந்து முனையில் எதிர்கொண்டு வீடுவரை அழைத்துவரும். அறிமுகமில்லாத ஆள் குழாயடிப் பக்கம் நின்றால் குரல் கொடுக்கும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்திருக்க, ஏழாவதாக வாசற்படியில் காவல் கிடக்கும்.

இப்படிப் பதினொரு மாதம் சோறு போட்டு, பன்னிரண்டாம் மாதம் தெருவில் விட்டுப் போவது என்ன நியாயம்?

"பிழைத்துக்கொள்ளும்" என்ற சமாதானம்

கேட்டால் உடனே வரும் பதில், "தெருவில் பிறந்ததுதானே, ஒரு மாதம் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்" என்பது. இது மனச்சாட்சிக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானமே தவிர, உண்மை அல்ல.

கையால் சோறு வாங்கித் தின்று வளர்ந்த நாய்க்குக் குப்பைத் தொட்டி பழக்கமில்லை. ஒவ்வொரு சந்துக்கும் அதற்கென்று சொந்தமான நாய்க் கூட்டம் உண்டு. புதிதாக ஒன்று இரை தேடி உள்ளே நுழைந்தால் அவை கடித்துக் குதறிவிடும். முதல் வாரம் வீட்டு நாய் கதவை விட்டு நகராது. இரண்டாவது வாரம் பசி தாங்காமல் கறிக்கடைப் பக்கமோ ஸ்டேஷன் பக்கமோ போகும். அங்கே வண்டியில் அடிபடலாம், புண்பட்டுப் புழு வைக்கலாம். பசியும் வலியும் சேர்ந்தால் சாதுவான நாய்கூடக் கிட்டே வரும் குழந்தையைப் பார்த்து உறுமும், கடிக்கவும் செய்யும். கடிபட்ட குழந்தையின் தாய், "மதராசிகள் வளர்த்துத் தெருவில் விட்ட நாய்" என்று சொன்னால் அதற்கு மறுமொழி உண்டா?

ஸ்டேஷன் பக்கம் ஒதுங்கிப் பிழைக்கலாம் என்பதும் இனி நடக்காது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்த தெரு நாய்களை, வெறிநோயோ மூர்க்கமோ இல்லாவிட்டால், பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி உத்தரவிட்டது. ஆனால் அதே ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி, பள்ளிகள், மருத்துவமனைகள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்கள் போன்ற இடங்களில் திரியும் நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும், திரும்ப அங்கே விடக்கூடாது என்றும் உத்தரவிட்டது. எஜமானரைத் தேடி ஸ்டேஷனுக்கு வந்த நாயைப் பார்த்து, இது யார் வீட்டு மணி என்று யாரும் விசாரிக்கப் போவதில்லை. ஜூன் மாதம் முதல் மழையோடு குடும்பம் திரும்பி வரும்போது வாசற்படி காலியாக இருக்கும். சிறுவன் கேட்கும் கேள்விக்கு அப்பாவிடம் பதில் இருக்காது.

பட்டினி கிடக்கும் என்று தெரிந்தே பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, ராஜ்யசபையில் இதற்கான மசோதாவைக் கொண்டுவந்து போராடியவர் ஒரு தமிழ்ப் பெண்மணி, கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். முதல் குற்றத்துக்குச் சட்டம் விதித்த அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. இன்றைக்கு இரண்டு மூன்று வடா பாவ் விலை. அபராதத்துக்குப் பயந்து யாரும் திருந்தப் போவதில்லை. மனம் வைத்துத்தான் திருந்த வேண்டும்.

மனிதனுக்கே இடமில்லையே!

"மனிதர்களுக்கே படுக்க இடமில்லாத ஊரில் நாய்க்கு என்ன உபசாரம்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் திண்டாடும் குமாஸ்தாவையும் கூலித் தொழிலாளியையும் நாய் வளர்த்தே தீரவேண்டும் என்று யாரும் வற்புறுத்தவில்லை. முடியாதவர்கள் முதல் நாளே குட்டியை வீட்டுக்குள் விடாமல் இருப்பதுதான் நேர்மை. விட்ட பிறகு கைகழுவுவதுதான் தவறு.

இந்த மும்பை நகரம் நாய்களுக்காகக் கொதித்தெழுந்த ஊர் என்பதும் பலருக்குத் தெரியாது. 1832ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசு தெரு நாய்களைக் கொல்ல ஆளனுப்பியபோது, நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் கடைகளை அடைத்துக் கோட்டைப் பகுதியில் கிளர்ச்சி செய்தார்கள். பரேலில் பிராணிகளுக்கென்று பெரிய மருத்துவமனை கட்டப் பணம் கொடுத்ததும் ஒரு பார்சிக் குடும்பம்தான். பிழைக்க வந்த ஊரிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

அக்கம்பக்கத்து உதவி

ஒரு மாத விடுமுறைக்குப் போகிறவர்கள் நாயை ரயிலில் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. சந்திலுள்ள எல்லாக் குடும்பமும் ஒரே நாளில் ஊருக்குப் போவதில்லை. மே மாதம் போகிறவர் நாயை டிசம்பரில் போகிறவர் பார்த்துக்கொள்ளட்டும். டிசம்பரில் இவர் அந்தக் கடனைத் தீர்க்கட்டும். சீட்டுப் பிடிப்பதற்கும் கோயில் கொடைக்கும் ஒன்றுகூடத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமா?

ஆனால் "கொஞ்சம் பார்த்துக்கோங்க அக்கா" என்று ஆட்டோவில் ஏறிக்கொண்டே சொல்வது ஏற்பாடாகாது. புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே ஒரு வேளைச் சோற்றை அந்தப் பக்கத்து வீட்டார் கையால் போடச் சொல்ல வேண்டும். அரிசிக்கும் முட்டைக்குமான பணத்தை முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். தடுப்பூசி அட்டை, மாநகராட்சி உரிமச் சீட்டு, ஊரில் பேச ஒரு தொலைபேசி எண் ஆகியவற்றையும் கொடுக்க வேண்டும். கழுத்தில் பட்டை இருந்தால் வீட்டு நாய் என்று தெரியும். நிழலில் கனமான மண் சட்டியில் தண்ணீர் வைக்கச் சொல்ல வேண்டும். வெயிலில் சங்கிலி போட்டுக் கட்டவே கூடாது. வேகவைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். இவற்றைப் பொறுப்பேற்பவரிடம் சொல்லாமல் போகக்கூடாது.

ரயிலில் கொண்டுபோவதானால்

ஓய்வு பெற்று ஒரேயடியாக ஊருக்குத் திரும்புகிறவர்கள், வேலை மாற்றலாகிப் போகிறவர்கள் நிலை வேறு. அவர்கள் நாயையும் கொண்டுபோகத்தான் வேண்டும். அதற்கு ரயில்வேயில் வழி இருக்கிறது. தெரியாததால்தான் பலர் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஸ்லீப்பர் வகுப்பிலும், ஏ.சி. இரண்டடுக்கு, மூன்றடுக்குப் பெட்டிகளிலும் நாய்க்கு அனுமதி இல்லை. பெர்த்துக்கு அடியில் ஒளித்துக் கொண்டுபோய்ப் பிடிபட்டால் லக்கேஜ் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு கட்ட வேண்டும். முதல் வகுப்பு ஏ.சி.யில் இரண்டு பேர் அறையையோ நான்கு பேர் அறையையோ முழுவதும் எடுத்தவர்கள் கூடவே வைத்துக்கொள்ளலாம். அது வசதி உள்ளவர்களுக்கு. மற்றவர்களுக்கு பிரேக் வேனில் நாய்ப் பெட்டி உண்டு. அதற்கு முப்பது கிலோ எடைக்கான லக்கேஜ் கட்டணம்தான்.

வண்டி புறப்படும் நேரத்துக்குச் சில மணி நேரம் முன்னதாகவே லக்கேஜ் ஆபீசுக்குப் பயணச்சீட்டு, தடுப்பூசி அட்டை, கால்நடை மருத்துவரின் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நாய் பயணத்துக்குத் தகுதியானது என்ற சான்றிதழ் இல்லாமல் ஏற்றக்கூடாது என்று 1978ஆம் ஆண்டின் விதியே இருக்கிறது. கழுத்துப்பட்டையும் சங்கிலியும் அவசியம். பெட்டியில் இடம் சொற்பம் என்பதால், நாலு நாள் முன்பே போய் விசாரித்து வைப்பது நல்லது.

தீனியும் தண்ணீரும் கொடுப்பது ரயில்வேயின் வேலை அல்ல, உரியவரின் வேலை. வண்டி கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தீனி கொடுத்துவிட வேண்டும். சோலாப்பூர், குண்டக்கல் போல வண்டி சற்று நேரம் நிற்கும் நிலையங்களில் இறங்கிப் போய்த் தண்ணீர் காட்ட வேண்டும். பழைய கார்டுக்கு 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்று பெயர். அவரிடம் முன்கூட்டியே பணிவாகச் சொல்லி வைத்தால் காரியம் எளிது.

மறைக்கக் கூடாத ஓர் உண்மையும் உண்டு. மே மாதத்தில் சோலாப்பூர், ராய்ச்சூர்ச் சீமையில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் தகரப் பெட்டிக்குள் ஒரு பகலும் இரண்டு இரவும் கிடப்பது கிழட்டு நாய்க்கும் குட்டிக்கும் தாங்காது. ஒரேயடியாகப் போகிறவர்கள் முடிந்தால் பயணத்தை டிசம்பர், ஜனவரியில் வைத்துக்கொள்ளட்டும். முடியாதவர்கள், குளிர்ந்த பிறகு வந்து அழைத்துப்போகும்வரை நம்பிக்கையான வீட்டில் ஒப்படைக்கட்டும்.

ஊசியும் சோப்பும்

நாயை நேசிப்பவர்கள் நாய்க்கடியை அலட்சியப்படுத்தக் கூடாது. வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் அனேகமாகப் பிழைப்பதில்லை. ஆனால் அதைத் தடுக்க முடியும். குட்டிக்கு மூன்று மாதத்தில் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொன்னபடி ஆண்டுதோறும் போட்டுவர வேண்டும். கருத்தடையும் செய்துவிட்டால், ஆண்டுக்கு இரண்டு ஈற்றுக் குட்டிகள் தெருவில் விழாது. மழைத் தண்ணீர் தேங்கும் சந்துகளில் எலிக் காய்ச்சல் நாய்க்கும் வரும், மனிதனுக்கும் வரும். 2005 ஜூலை வெள்ளத்துக்குப் பிறகு இந்த நகரம் அதை அனுபவித்தது. நாய்க்கு அதற்கும் ஊசி உண்டு. மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

யாரையாவது கடித்துவிட்டால் மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு வைப்பதும் மந்திரிப்பதும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மாநகராட்சி மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இன்னும் சிலரைத் தடுக்கிறது. அந்த மருந்து 2004ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையில் போடும் சிறு ஊசிதான். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று மருத்துவர் சொல்லும் தேதிகளைத் தவறவிடக் கூடாது. காயத்தில் ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தும் உண்டு. அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

சொர்க்க வாசலில் நின்றவர்

பாரதக் கதையில் தருமருக்குச் சொர்க்கத்தின் கதவு திறக்கிறது. நாயை விட்டுவிட்டு வா என்கிறார்கள். கூடவே நடந்து வந்ததை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். கோயில் திண்ணையில் இந்தக் கதையைக் கேட்டுக் கண்கலங்காதவர் யார்?

ஊருக்குப் போகிற மகிழ்ச்சியும் ஒரு சின்னச் சொர்க்கம்தான். ஆண்டு முழுவதும் உழைத்தவர்கள் அதை அனுபவிக்கட்டும். ஆனால் மூட்டையைத் தூக்குமுன் கேஸ் அடுப்பை ஒரு தடவை பார்ப்பதுபோல் வாசற்படியையும் ஒரு தடவை பார்க்கட்டும். அங்கே நிற்பதற்குச் சோறு யார் கையால் என்று முடிவான பிறகு கதவைப் பூட்டட்டும்.