டிராக்டருக்கும் அகலக் கால் வேண்டாம்

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் சேற்றுழவு நடக்கும் நாட்களில் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. நடு வயலில் டிராக்டர் அச்சு வரை புதைந்து நிற்கும். இழுத்துவிட வந்த இன்னொரு டிராக்டரும் வரப்போரத்தில் திணறும். பலகை, வைக்கோல், தென்னை மட்டை என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் சக்கரத்தின் அடியில் போகும். கரையில் நிற்பவர்களில் ஒருவர், "டயர் இன்னும் அகலமாக இருந்தால் புதைந்திருக்காது" என்பார். மற்றவர்களும் தலையாட்டுவார்கள். அடுத்த முறை டயர் மாற்றும்போது ஒரு அளவு பெரியதாகப் போட்டுவிடுவதும் உண்டு.

இந்த எண்ணம் டெல்டாவின் களிமண் வயலுக்குப் பொருந்தாது. நம் சேற்றுக்கு வேண்டியது அகலமான டயர் அல்ல. உயரமான, குறுகிய, பல் ஆழமான டயரே வேண்டும். இதில் டிராக்டர் வைத்திருப்பவரைவிட, அதை வாடகைக்கு அமர்த்தும் சிறு விவசாயிக்கே அக்கறை அதிகம் இருக்க வேண்டும்.

சேற்றின் அடியில் என்ன இருக்கிறது?

திருத்துறைப்பூண்டி வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடைப் பகுதி. இங்குள்ள நிலம் பெரும்பாலும் கனத்த களி. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். தண்ணீர் பட்டால் உப்பிக் குழையும். காலங்காலமாக நீர் கட்டி உழுத வயல்களில் மேலே குழைந்த சேறும், அதற்கு அடியில் ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்தில் இறுகிய படுகையும் பெரும்பாலும் அமைந்திருக்கும். மாட்டின் குளம்பும் மனிதர் காலும் ஏரின் அடியும் சேர்ந்து இறுக்கிய படுகை அது. கட்டிய தண்ணீர் கீழே இறங்கி வீணாகாமல் காப்பதும், வயலில் இறங்கும் ஆளையும் மாட்டையும் தாங்குவதும் அதுதான்.

நடவுக்கு இறங்கும் பெண்களின் கால் சேற்றின் மேல் நிற்பதில்லை. சேற்றைக் கடந்து படுகையில் ஊன்றிய பிறகே அடுத்த அடி எடுத்து வைக்கிறார்கள். டிராக்டர் சக்கரமும் அப்படித்தான் நடக்க வேண்டும். குறுகிய சக்கரம் சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கிப் படுகையில் பல்லைப் பதிக்கும். பிடி அங்கேதான் கிடைக்கிறது. அகலமான சக்கரமோ முன்னால் இருக்கும் சேற்றை வரப்புப் போலத் திரட்டித் தள்ளிக்கொண்டு போகும். சேற்றின் மேல் வழுக்கிச் செல்வதற்காகவே செய்யப்பட்டது பரம்புப் பலகை. அகல டயரும் அந்தப் பரம்பைப் போலவே வழுக்குகிறது. பிடி கிடைக்காமல் சுழல்கிறது. சுழன்ற இடத்திலேயே குழி பறித்துக்கொண்டு புதைகிறது. அதோடு, படுகையையும் அறுத்து அந்த இடத்தை உளையாக்கிவிடுகிறது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் மீண்டும் புதைவதற்குக் காரணம் இதுதான்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். கட்டை வண்டியின் சக்கரம் ஏறக்குறைய மார்பளவு உயரம் இருந்தது. அதன் இரும்புப் பட்டையின் அகலமோ சில விரற்கடைதான். இன்றைய நடவு இயந்திரத்தைப் பாருங்கள். அதற்கும் மெலிந்த, உயரமான, பல் வைத்த சக்கரங்களே உள்ளன. ஜப்பானிய நெல் வயல்களிலும் குறுகிய, பல் உயர்ந்த டயர்கள் பூட்டிய டிராக்டர்கள் ஓடுகின்றன. இரண்டாம் உலகப் போரில் சேற்றிலும் சகதியிலும் ஓடிய ஜீப்பின் டயர் 6.00-16 அளவுதான். அதாவது ஆறு அங்குல அகலம். இன்று பல டிராக்டர்களின் முன் சக்கரத்தில் இருப்பதும் அதே அளவு டயர்தான்.

பாரம் பரவாதா?

அகலமான டயர் பாரத்தைப் பரப்பும் என்று சிலர் வாதிடுவார்கள். இதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஒரு பின் சக்கரத்தின் மேல் 600 கிலோ பாரம் இருப்பதாகவும், டயரில் சதுர சென்டிமீட்டருக்கு 0.8 கிலோ, அதாவது ஏறக்குறைய 12 பவுண்டு காற்று இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். பாரத்தைக் காற்றழுத்தத்தால் வகுத்தால், தரையில் பதியும் பரப்பு சுமார் 750 சதுர சென்டிமீட்டர். டயர் அகலமானாலும் குறுகலானாலும், காற்றழுத்தம் ஒன்றாக இருந்தால் இந்தப் பரப்பில் பெரிய மாறுதல் இல்லை. வடிவம்தான் மாறும். 43 செ.மீ. அகல டயர் ஏறக்குறைய 17 செ.மீ. நீளத்துக்குப் பதியும். 31 செ.மீ. அகல டயர் ஏறக்குறைய 24 செ.மீ. நீளத்துக்குப் பதியும். பதிவு நீளமானால் வரிசையாக அதிகப் பற்கள் மண்ணைப் பிடிக்கும். வண்டி போகும் தடமும் குறுகும். ஆகவே, பாரத்தைப் பரப்ப வேண்டுமானால் காற்றைக் குறைக்க வேண்டும், அல்லது எடையைக் குறைக்க வேண்டும். டயரை அகலமாக்கிவிட்டுக் காற்றை அப்படியே வைத்திருப்பதில் பயன் இல்லை.

அகல டயருக்கும் இடம் உண்டு. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்து மணலில் எவ்வளவு தோண்டினாலும் ஊன்றி நிற்கப் படுகை கிடைக்காது. அங்கே காற்றைக் குறைத்த அகல டயர் மேலே மிதந்து போவதே நல்லது. கடினமான தரையில் கனத்த பாரம் இழுக்கவும் அது உதவும். மணலுக்குச் சரியானதைச் சேற்றில் கொண்டுவந்து பூட்டுவதுதான் தவறு.

கம்பி சொல்லும் விடை

தன் வயலுக்கு எது பொருந்தும் என்பதை விவசாயியே சோதித்துப் பார்க்கலாம். சேற்றுழவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில், விரல் கனமுள்ள இரும்புக் கம்பியைக் கையால் அழுத்தி இறக்க வேண்டும். கம்பி தடைப்பட்டு நிற்கும் ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூலை, நடு, மடையோரம் என்று பத்து இடங்களில் இவ்வாறு பார்க்க வேண்டும்.

ஒரு சாண் அளவில் கம்பி நின்றால், குறுகிய டயர் டிராக்டர் தாராளமாக இறங்கலாம். முழ ஆழத்தை நெருங்கினால் எந்த டயரும் உதவாது. டிராக்டரின் அடிவயிறு தரையிலிருந்து பெரும்பாலும் 35 முதல் 40 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. சேறு அதைத் தொட்டுவிட்டால் வண்டி படகைப் போல உட்கார்ந்துவிடும். அப்படிப்பட்ட உளை நிலத்துக்கு எடை குறைந்த பவர் டில்லரே ஏற்றது. சில இடங்களில் மட்டும் உளை இருந்தால், அங்கே கொம்பு நட்டு ஓட்டுநருக்கு அடையாளம் காட்டிவிடலாம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

35 முதல் 45 குதிரைத்திறன் வரையுள்ள டிராக்டர்களில் பின் டயர் பெரும்பாலும் 13.6-28 அளவில் வருகிறது. முதல் எண் அகலத்தையும், அடுத்த எண் ரிம்மின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கும். சேற்று வேலையே முதன்மை என்றால் 13.6-இலிருந்து 14.9-க்கோ 16.9-க்கோ ஏறத் தேவையில்லை. கம்பெனி அனுமதித்தால் 12.4-28 போதும். ஆனால் அதே ரிம்மில் அகலம் குறைந்தால் டயரின் உயரமும் சற்றுக் குறையும். அச்சு ஏறக்குறைய ஓர் அங்குலம் தாழும். இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நெல் வயலுக்கென்றே தயாராகும் டயர்களில் பல்லின் ஆழம் சாதாரண டயரைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். அகலத்துக்குச் செலவிடும் பணத்தை இந்த ஆழத்துக்குச் செலவிடுவது மேல். இத்தகைய டயர் தார்ச்சாலையில் விரைவாகத் தேயும் என்பதையும் மறக்கக் கூடாது.

குறுகிய டயர் தாங்கும் பாரம் குறைவு. டயரில் பொறித்துள்ள அளவுக்கு மேல் டிரெய்லரில் பாரம் ஏற்றுவது ஆபத்து. நான்கு சக்கரமும் இயங்கும் டிராக்டரில் பின் டயரை மட்டும் மாற்றினால் முன்பின் சக்கரங்களின் சுழற்சிக் கணக்கு கெட்டு, பல்சக்கரங்கள் பழுதாகும். எனவே அதில் கம்பெனி சொன்ன ஜோடியையே மாற்ற வேண்டும். புழுதி உழவுக்காகச் சேர்த்த எடைக்கட்டிகளையும் டயரில் நிரப்பிய தண்ணீரையும் சேற்றில் இறங்கும் முன் எடுத்துவிட வேண்டும். அடிமண்ணை ஆழமாக இறுக்குவது பெரும்பாலும் வண்டியின் எடைதான். சேற்றுக்கென்று பூட்டும் இரும்புக் கேஜ் வீலைச் சாலை ஏறும் முன் கழற்றுவதும் ஓட்டுநரின் கடமை.

வாடகை தருபவருக்கே நஷ்டம்

டிராக்டர் உரிமையாளர் பலருக்கு வருமானம் சாலையிலும் இருக்கிறது. மணல், செங்கல், நெல் மூட்டை என்று டிரெய்லர் இழுக்க அகல டயர் அவருக்கு வசதி. ஆனால் உழவுக்கு மணிக்கணக்கில் வாடகை தருபவர் சிறு விவசாயி. சேற்றில் சக்கரம் நூற்றுக்கு முப்பது பங்கு வீணாகச் சுழன்றால், ஒவ்வொரு மணி நேரத்திலும் 18 நிமிட வாடகை சேற்றோடு போகிறது. வண்டி புதைந்து நின்ற நேரம் இதில் சேரவில்லை.

அறுவடைக்குப் பிறகும் இந்த நஷ்டம் தொடர்கிறது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்தும் பயறும் தெளிப்பது டெல்டாவின் வழக்கம். பிறகு அறுவடை இயந்திரமும், வைக்கோல் கட்டும் டிராக்டரும் அந்த இளம் முளைகளின் மேல்தான் ஓடுகின்றன. 16.9 அளவுப் பின் டயர் இரண்டும் சேர்ந்து ஒரு ஓட்டத்தில் மிதிக்கும் அகலம் சுமார் 86 செ.மீ. 12.4 அளவு டயர் மிதிப்பது சுமார் 63 செ.மீ. மிச்சமாகும் 23 செ.மீ. அகலத்தில் பயறு தப்பும். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் நடந்ததைப் போல அறுவடை நேரத்தில் மழை பெய்து வயல் குழைந்துவிட்டால், டயர் இயந்திரத்தை இறக்கவே கூடாது. பாரத்தை நீளவாக்கில் பரப்பும் பெல்ட் இயந்திரத்துக்குக் கூடுதல் வாடகை கொடுத்தாலும், படுகையைக் காப்பாற்றியதாக இருக்கும்.

ஆகவே, வாடகை பேசும்போது மணிக்கு எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாமல், டயர் என்ன அளவு, பல் தேய்ந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். ஒருவர் கேட்டால் உரிமையாளர் சிரிப்பார். ஒரே வாய்க்காலில் பாயும் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் டயரை மாற்றுவார். வாடகைக்கு விட டிராக்டர் வாங்கும் கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் குழுக்களும், வாடகை இயந்திரம் வழங்கும் வேளாண்மைப் பொறியியல் துறையும் கடைமடைப் பகுதிக்கென்று தேர்ந்தெடுக்கும்போது, குதிரைத்திறனைப் பார்ப்பது போலவே டயரையும் பார்க்க வேண்டும்.

சக்திக்கு மீறிச் செலவு செய்பவரை "அகலக் கால் வைக்காதே" என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். நம் சேற்றில் இறங்கும் டிராக்டருக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். டயர்க் கடைக்குப் போகும் முன் கம்பியோடு ஒருமுறை வயலுக்குப் போய் வாருங்கள்.