இராவணனைத் திரையில் காட்டுவது எப்படி?

திருக்கோணமலையில் இராவணன் பெயரை அறியாத பிள்ளைகள் இலர். கோணேசர் கோயிலுக்குச் செல்வோர், பாறை பிளந்து கீழே கடல் தெரியும் இராவணன் வெட்டை எட்டிப் பாராமல் மீள்வதில்லை. தாயின் வழிபாட்டுக்காக மலையையே பெயர்க்க முயன்று அவன் வாளால் வெட்டிய இடம் அது என்பது ஐதிகம். அத்தாய் இறந்தபோது ஈமக்கடன் செய்வதற்கு அவன் உண்டாக்கியவையே கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்றும் கூறுவர். பெற்றோர்க்குக் கடன் கழிக்க நம்மவர் தலைமுறை தலைமுறையாக அங்கே சென்று வந்துள்ளனர்.

இங்ஙனம் தாய்ப்பற்றின் உருவாக நாம் அறிந்த ஒருவனைப் படக்கதைகளும் திரைப்படங்களும் எவ்வாறு காட்டுகின்றன? 1967ஆம் ஆண்டில் அனந்த் பை தொடங்கிய 'அமர் சித்திரக் கதை' நூல்கள் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குப் புராணம் புகட்டின. ஆயினும் அசுரர்க்குக் கருநிறமும் பருத்த உடலும் தந்து, நிறத்தையே குணத்துக்கு அடையாளமாக்கின என்று ஆய்வாளர் பலர் குறை கூறியதுண்டு. 2023இல் வெளிவந்த 'ஆதிபுருஷ்' படத்திலோ இராவணனாக நடித்த சைஃப் அலி கானின் தாடியும் தலைமுடியும், முன்னோட்டம் வெளியான 2022இலேயே பெருங் கண்டனத்துக்கு உள்ளாயின. தோற்றத்தைப் பற்றி இத்துணை வாதம் எழுந்ததேயன்றி, அவன் உள்ளத்தைப் பற்றி எவரும் அதிகம் கேட்டிலர்!

மறுபுறம், அவனைக் குற்றமற்ற தலைவனாக்கிப் பாடியோரும் உளர். புலவர் குழந்தை 1946இல் 'இராவண காவியம்' இயற்றினார். 1948இல் சென்னை அரசு அதனைத் தடை செய்தது. 1971இல்தான் அத்தடை நீங்கிற்று. ஒரு நூலைத் தடை செய்வது முறையன்று. எனினும், இராவணன் பழியை முற்றும் துடைத்துவிட்டால், அசோகவனத்தில் சீதை சிந்திய கண்ணீருக்கு யார் பொறுப்பு என்ற வினா விடையின்றி நிற்கும்.

நடுவழி ஒன்று இல்லையா? உண்டு, அது நமக்குப் பழகிய வழியே. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாம் பாட்டை இராவணனுக்கென ஒதுக்குவது வழக்கம். கோணமலைப் பதிகமும் அதற்கு விலக்கன்று. கயிலையை எடுத்த செருக்கை இறைவன் விரலால் அடர்த்ததும், அவன் பாடிப் பணிந்தபின் அருள் புரிந்ததும் ஒரே பாட்டில் அமையும். குற்றம் மறைக்கப்படவில்லை, குற்றவாளி வெறுத்து ஒதுக்கப்படவுமில்லை.

திரையிலும் இது இயலாததன்று. 1958இல் வந்த 'சம்பூர்ண ராமாயண'த்தில் டி. கே. பகவதி இராவணனாக நடித்தார், சி. எஸ். ஜெயராமன் குரல் கொடுத்தார். இசையில் தோய்ந்த அம்மன்னனைக் கண்டு மகிழ்ந்தவர்கள், அவன் சீதையைக் கவர்ந்ததைச் சரியென்று சொல்லவில்லை. இத்துணைக் கல்வியும் கலையும் உடையவன் இப்படிச் செய்தானே என்று வருந்தினார்கள். அவ்வருத்தமே கதையின் பயன் அன்றோ?

இப்போது நிதேஷ் திவாரியின் 'ராமாயணா'வில் யஷ் இராவணனாக நடிப்பதாக அறிவித்துள்ளனர். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே. கோரப் பல்லையும் கரிய நிறத்தையும் கண்டு தீமையை அடையாளங் காணப் பழகிய பிள்ளை, நற்றோற்றத்தோடு வரும் தீமையிடம் ஏமாந்துபோகும். ஆகவே அவன் வீணையையும் காட்டுங்கள். தாய்க்குச் செய்த கடனையும் காட்டுங்கள். அதன்பின் சீதையின் முகத்தையும் மறவாது காட்டுங்கள். தீர்ப்பைப் பார்ப்போர் தாமே சொல்லிக்கொள்வர்.